என் பெயரில் வந்த பெட்டி

1

இரண்டு கிழமைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து தபால்பெட்டியைத் திறந்தேன். மின்சாரக் கட்டணத் துண்டுக்கும் பீட்சாக் கடை விளம்பரத்துக்கும் நடுவில் அது கிடந்தது. கைக்கடக்கமான அட்டைப்பெட்டி. மேலே என் முழுப்பெயர், பிறந்த திகதி, கறுப்புக் கோடுகள். உடைக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். இரண்டு சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு குச்சி, கழிப்பறைக் கோப்பைக்குள் விரிக்க ஒரு தாள், ஒரு படிவம், திருப்பி அனுப்ப ஓர் உறை.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கித்தான் சொல்லவேண்டும். நான் இருக்கும் மெல்பேர்ணில், ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கம் இந்தப் பெட்டியை வீட்டுக்கே அனுப்புகிறது. குச்சியால் மலத்தைத் தொட்டுக் குழாய்க்குள் விட்டு மூடி அனுப்பினால், அதில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். பெருங்குடலில் புற்றுநோய் வளரத் தொடங்கும்போது பலருக்கு நோவு வருவதற்கு முன்பே துளித்துளியாக இரத்தம் கசியும். அந்த நேரத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

அப்படிப்பட்ட ஓர் ஆய்வுகூடத்தில்தான் எனக்கு வேலை. இயந்திரம் சரியான விடை சொல்கிறதா, வருகிற குழாய்கள் பரிசோதிக்கத் தகுதியானவையா என்று பார்ப்பது என் பொறுப்பு. தரக்கட்டுப்பாடு என்று சொன்னால் பெரிய உத்தியோகம் போலத் தெரியும். கிண்ணியாக்காரி நசீரா, என்னோடு திருகோணமலையில் படித்து இப்போது எனக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள், அதற்கு வைத்த பெயர் பீப் பொலிஸ்.

இது எனக்கு வந்த இரண்டாவது பெட்டி. முதற்பெட்டியை வைத்து நான் செய்த காரியத்தால் என் அக்கா திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் செத்துக்கொண்டிருக்கிறார். சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இடையில் எனக்குத் தைரியம் போய்விடும்.

2

காலை ஏழு மணிக்கு நான் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பேன். நோயாளிகளின் குழாய்களைத் தொடுவதற்கு முன், விடை எங்களுக்குத் தெரிந்த இரண்டு மாதிரிகளை உள்ளே விடவேண்டும். ஒன்றில் இரத்தம் குறைவு, மற்றதில் கூட. இயந்திரம் சொல்லும் எண் நாங்கள் அறிந்த எண்ணோடு ஒத்துப்போனால்தான் அன்றைய வேலை தொடங்கும். எண்களை ஒரு வரைபடத்தில் புள்ளியாகக் குறிப்போம். எல்லைக்குள் இருந்தாலும், புள்ளிகள் நாட்கணக்காக ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு போனால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். போதாததற்கு, வெளியிலிருந்து விடை சொல்லாமலும் மாதிரி அனுப்புவார்கள். பல ஆய்வுகூடங்கள் அதே மாதிரியைப் பார்த்து விடை எழுதும். யார் பிழை என்று பிறகு தெரியும்.

வந்த புதிதில் எனக்கு நடந்த ஒரு கூத்தைச் சொல்லவேண்டும். மேற்பார்வையாளர் அம்மா தூரத்தில் நின்று, "மாதிரிகள் சரிதானே?" என்று கேட்டார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். ஓம், எல்லாம் நல்லாயிருக்கு என்று அர்த்தம். அவர் அதை இல்லை என்று எடுத்து முழு வேலையையும் நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரம் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார்கள். பிறகு என்னைக் கேட்டபோது, "நான் சரி என்றுதானே சொன்னேன்" என்றேன், மறுபடியும் தலையை ஆட்டிக்கொண்டு. இருபது வருடமாகிறது, இப்போதும் ஆண்டிறுதி விருந்தில் யாராவது அதை நடித்துக் காட்டுவார்கள்.

ஆனால் குழாய்களை நிராகரிப்பதில் என்னைப்போல் கடுமையானவர் அங்கு இல்லை. படிவத்தில் ஒரு பெயர், குழாயில் ஒரு பெயர் என்றால் எடுக்கமாட்டேன். மாதிரி எடுத்த திகதி எழுதாவிட்டால் எடுக்கமாட்டேன். நாள் கடந்து வந்தால் எடுக்கமாட்டேன். தமிழ் முதியவர்களுக்கு நானே தொலைபேசி எடுத்து, "ஐயா, குறை நினையாதேயுங்கோ, திருப்பிச் செய்யவேணும்" என்பேன். ஒருவர், "பிள்ளை, முக்கி முக்கி எடுத்து அனுப்பினதை வேண்டாம் எண்டுறியளோ?" என்று அழாக்குறையாகக் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இன்னுமொன்று. வெக்கை இரத்தத்தைக் கெடுக்கும். குழாய் சூட்டில் கிடந்தால் அதிலுள்ள இரத்தம் உடைந்துபோய், இருந்ததையும் இல்லை என்று இயந்திரம் சொல்லும். அதனால்தான் எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள் என்று தாளில் படம் போட்டிருக்கிறது. இந்த நாட்டின் வடக்கே வேகிற ஊர்களுக்கு, வெயில் மாதங்களில் பெட்டி அனுப்புவதையே நிறுத்திவைப்பார்கள். இதையெல்லாம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிப்பிக்கிறவள் நான்.

3

எனக்கு ஐம்பது முடிந்த கிழமை முதற்பெட்டி வந்தது. அக்கா என்னிலும் மூன்று வயது மூத்தவர். அத்தான் காலமான பிறகு உப்புவெளியில் விருந்தினர் விடுதிகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துத்தான் மகள் துஷியை ஆளாக்கினார். வெள்ளைக்காரர் காலையில் சம்பலும் சொதியும் கேட்டுத் தின்றது என் அக்காவின் இடியப்பத்தோடுதான். அந்த மாதங்களில் தொலைபேசியில் அவர் குரல் சோர்ந்திருந்தது. இடியப்ப உரலைப் பிடித்துப் பிழிய ஏலாமல் இருக்கிறதென்றும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்றும் சொன்னார். இரத்தம் குறைவாம், கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்களாம்.

இரத்தம் குறைவு என்றால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். என் தொழிலில் இருக்கிறவளுக்கு அது முதலில் தோன்றவேண்டும், தோன்றியது. டொக்டரிடம் போய்க் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றுதான் நான் சொல்லியிருக்கவேண்டும். ஒருமுறை சொன்னேன். "ஐயோ வேண்டாம், எனக்கு வெக்கம்" என்றார். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. எனக்கு வந்த பெட்டி மேசையில் கிடந்தது. ஊரில் இப்படித் தபாலில் ஒன்றும் வருவதில்லை. என்னிடம் இருக்கிறது, அக்காவிடம் இல்லை, அவ்வளவுதான் யோசித்தேன். நசீரா விடுமுறைக்குக் கிண்ணியா போக இருந்தாள். அவள் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டேன்.

"என்னடி வசந்தி, இதையும் வெளிநாட்டுக்கு அனுப்பவேணுமோ?" என்று அக்கா சிரித்தார்.

"சிரிக்காதேயுங்கோ அக்கா. எடுத்த உடனே பிரிட்ஜுக்குள்ள வையுங்கோ. அதுதான் முக்கியம்."

"ஓம் ஓம். பத்திரமா வைக்கிறன்."

பத்திரமாகத்தான் வைத்தார். அது கச்சான் காற்று வீசுகிற காலம். மத்தியானத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெக்கை. அக்கா சல்லி அம்மன் பொங்கலுக்கு விரதம் பிடித்துக்கொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டிக்குள் அம்மனுக்கு வாங்கிய பாலும் பூவும் இருந்தன. அடுத்த தட்டில் விடுதிகளுக்குப் போகும் சம்பலுக்குத் துருவிய தேங்காய். அதற்குள் கொண்டுபோய் இதை வைப்பதா? அம்மன் பொறுத்தாலும் அக்கா பொறுக்கமாட்டார். கழிப்பறைக்குப் போய்வந்தால் கால்கழுவாமல் குசினி வாசலை மிதிக்காத மனுசி. குழாய்களைப் பழைய பால்மா ரின்னுக்குள் போட்டு, மூடி, வீட்டுக்குப் பின்னால் கழிப்பறைச் சுவரின் மேல், தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டார். நசீரா போய் எடுக்கும்வரை ஐந்து நாள் அது அங்கேயே இருந்தது.

நசீராதான் அதை என்னிடம் சொன்னாள். "அக்கா அந்த ரின்னைக் கையால தொடவும் என்னை விடல்ல, பேப்பரால சுத்தித் தந்தவ. நான் வீட்ட கொண்டுபோன உடனே நீ சொன்ன மாதிரி பிரிட்ஜுக்குள்ள வைச்சிட்டன். என்ர உம்மா அதை ராவைக்கு வைச்ச புளியாணம் எண்டு நினைச்சுத் திறக்கப் பாத்தவ, தெரியுமா? அல்லாஹ் காப்பாத்தினான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிந்தபின், "எங்க இருந்து எடுத்தா?" என்று மறுபடியும் கேட்டேன். "கக்கூஸ் சுவரில. தகரத்துக்குக் கீழ. அஞ்சு நாளாம்" என்றாள்.

4

அன்று நான் அந்தக் குழாய்களைக் குப்பையில் போட்டிருக்கவேண்டும்.

கெட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் புத்தி இப்படித்தான் வேலை செய்தது. வெக்கை இரத்தத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, இல்லாததை இருப்பதாகக் காட்டாது. ஆகவே இரத்தம் இருக்கிறதென்று வந்தால் அது உண்மை, அக்காவைக் கையைக் காலைப் பிடித்தாவது வைத்தியசாலைக்கு அனுப்பலாம். இல்லை என்று வந்தால் அதற்குப் பெறுமதி இல்லை, அக்காவுக்குச் சொல்லவே கூடாது. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தேன். பெயர் ஏற்கனவே அச்சடித்திருந்தது, என் பெயர். மாதிரி எடுத்த திகதி என்ற இடத்தில் உண்மையை எழுதினால் நாள் கடந்துவிட்டதென்று எங்கள் ஆட்களே நிராகரிப்பார்கள். ஆகவே முந்தாநாள் திகதியைப் போட்டேன். கையெழுத்தும் வைத்தேன்.

மகள் ஆரணி பக்கத்தில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு. அவளுடைய தமிழ், பசிக்குது, போட்டு வாறன் என்பதோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மா, நசீரா ஆன்டி நேற்றுத்தானே இதைக் கொண்டுவந்தா? பிறகெப்படி முந்தாநாள் நீ எடுத்திருப்பாய்?" உன் வேலையைப் பார் என்றேன். எழும்பி, தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குழாய்கள் என் ஆய்வுகூடத்துக்கே வந்தன. மற்றக் குழாய்களோடு சேர்ந்து இயந்திரத்துக்குள் போவதை நான் நின்று பார்த்தேன். அன்று காலைதான் விடை தெரிந்த மாதிரிகளைச் சரிபார்த்து, எல்லாம் ஒழுங்கு என்று கையெழுத்து வைத்திருந்தேன். இயந்திரத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. திருமதி இன்னார் அவர்களே, உங்கள் மாதிரியில் இரத்தம் காணப்படவில்லை.

வாசித்ததும் என் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெறுமதி இல்லாத கடிதம் என்று எனக்கு நானே படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் எங்கே போனதோ. சந்தோசம் வந்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றாமலே தொலைபேசியை எடுத்தேன்.

"அக்கா, வந்திட்டுது. ஒண்டுமில்லை! ஒண்டுமே இல்லை!"

"அம்மாளாச்சி!" என்றார் அக்கா. பிறகு அழுதார். அவர் அவ்வளவு பயந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அழுகிறவரிடம் இந்தக் கடிதத்தை நம்பவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கடிதத்தைப் படம்பிடித்தும் அனுப்பினேன்.

5

அக்கா அந்தப் படத்தைத் தாளில் எடுப்பித்துத் தன் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். நாலைந்து மாதத்தில் கண்ணுக்குத் தெரியவே இரத்தம் போகத் தொடங்கியது. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து எடுத்தார். எனக்குச் சொல்லவில்லை. வைத்தியசாலையில் ஒரு டொக்டர் கமரா விட்டுப் பார்க்கத் திகதி கொடுத்திருக்கிறார். அக்கா போகவில்லை. "என்ர தங்கச்சி வெளிநாட்டு லாப்பில பாத்தவ, ஒண்டுமில்லையாம்" என்று அயலட்டைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். துஷி எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். "உனக்குத் தெரியுமோ, உன்ர சின்னம்மாவுக்குத் தெரியுமோ?" என்று அவளை மடக்கியிருக்கிறார்.

கடிதம் வந்ததிலிருந்து ஒன்றரை வருடம் அப்படியே போனது. ஒருநாள் வயிறு ஊதி, சாப்பாடு இறங்காமல், இடியப்பத் தட்டுகளுக்கு முன்னால் விழுந்தார். குடல் அடைத்துவிட்டது. வெட்டித் திறந்தபோது புற்றுநோய் ஈரலுக்கும் போயிருந்தது.

நான் பறந்துபோய் ஒரு மாதம் நின்றேன். துஷி திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளை வேலைக்கு அனுப்பிவிட்டு, மருந்து ஏற்ற அக்காவை வாகனம் பிடித்து மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். வழியெல்லாம் வாந்தி எடுப்பார். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நீ இருந்தபடியாத்தான் இவ்வளவும் ஏலுது" என்பார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரிக்கு என்னைக் காட்டி, "இவதான் நான் சொன்ன தங்கச்சி. இந்த நோய் பாக்கிற லாப்பில பெரிய ஆள்" என்பார். அந்த மனுசி மரியாதையாக எழும்பி இருந்தார். அந்தக் கட்டிலுக்குக் கீழே புகுந்து ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அந்த முப்பது நாளில் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலாவது, எனக்குப் பயம். இரண்டாவது, உண்மையைச் சொன்னால் முழுதாகச் சொல்லவேண்டும். குழாய் ஏன் கெட்டது என்று சொல்லவேண்டும். தகரத்துக்குக் கீழே அதை வைத்தது அக்காவின் கை. அம்மனுடைய பாலுக்குப் பக்கத்தில் வைக்க மனமில்லாமல் வைத்தது. சாகக்கிடக்கிறவருக்கு அதைச் சொல்லிவிட்டு நான் விமானம் ஏறுவதா?

ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்து சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்தேன். பிழை நடந்தால் நிரப்புகிற படிவம். மற்றவர்களுக்கு நான் நிரப்பிக்கொடுத்தவை ஒரு அலுமாரி நிறைய இருக்கும். என்ன நடந்தது, யாரால், எப்படி என்ற இடங்களையெல்லாம் நிரப்பினேன். கடைசியில், எடுத்த திருத்த நடவடிக்கை என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு எழுத ஒன்றுமில்லாமல் படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

6

இப்போது இரண்டாவது பெட்டி வந்திருக்கிறது. அது வருமென்று என்னைவிட அக்காவுக்கு நன்றாக ஞாபகம். மருந்து ஏற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். இனிச் செய்து பிரயோசனமில்லை என்று டொக்டர் துஷியிடம் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை அக்கா குரல் செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"வசந்தி, உனக்கு இந்த வருசம் பெட்டி வரோணும் எல்லோ. அதை துஷிக்கு அனுப்பு. என்ர வயித்தில பிறந்த பிள்ளை. நீ ஒருக்காப் பாத்து, ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டாய் எண்டால், நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்."

அதை எத்தனை தரம் கேட்டேனோ தெரியாது. துஷிக்கு முப்பத்தொரு வயது. தாய்க்கு இந்த நோய் வந்தால் பிள்ளைக்கு இந்தப் பெட்டி போதாது. டொக்டரிடம் போகவேண்டும், எந்த வயதில் கமரா விட்டுப் பார்ப்பதென்று அவர் சொல்லவேண்டும். பெட்டியை அனுப்பி, அதில் இல்லை என்று வந்தால், தாய் செய்ததையே மகளும் செய்வாள். அனுப்பமாட்டேன் என்றால், ஏன் என்று அக்கா கேட்பார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தேன்.

சனிக்கிழமை ஆரணி ஊத்தை உடுப்பு மூட்டையோடு வந்தாள். நகரத்தின் மற்றப் பக்கத்தில் சிநேகிதிகளோடு வீடெடுத்து இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாள், உடுப்பு காயும்வரை இருப்பாள், போய்விடுவாள். பெரியம்மாவின் செய்தியைப் போட்டுக் காட்டினால், "என்ன சொல்றா?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். ஊரிலிருந்து வருகிற எல்லாவற்றையும் நான் மொழிபெயர்த்துத்தான் அவளுக்குக் கொடுக்கவேண்டும்.

மேசையில் பெட்டியைக் கண்டாள். உடுப்பு மூட்டையைக் கீழே வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில், கோபமில்லாமல், மிகச் சாதாரணமாகக் கேட்டாள்: "இந்த முறை யாருக்கு?"

இரண்டு வருடமும் அவள் மறக்கவில்லை. அவள் இந்த வீட்டைவிட்டுத் தள்ளிப்போனதற்கு இந்த நாட்டையும் அவளுடைய வயதையும் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்து அழுதேன். அவள் பக்கத்தில் வந்திருந்து, என் தொலைபேசியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள்.

7

ஊரில் அப்போது காலை பத்து மணி. துஷி அக்காவுக்கு முகம் துடைத்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் தொலைபேசியை வைத்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

"அக்கா, துஷிக்குப் பெட்டி அனுப்பமாட்டன்."

"ஏன்? உனக்குத் தேவையோ? அப்ப நீ செய். உன்னைப் பாத்துக்கொள்."

"அதில்லை அக்கா. அண்டைக்கு உங்களுக்கு நான் சொன்னது பிழை. அந்தக் குழாயைப் பாத்திருக்கவே கூடாது. நாள் கடந்துபோய் வந்தது. நான் கள்ளத் திகதி போட்டனான். என்ர பேரில குடுத்தனான். அதில வந்த முடிவுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஒண்டுமில்லை எண்டு உங்களுக்குச் சொன்னனான்."

காகங்கள் கத்துவது கேட்டது. தொலைபேசி நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நிற்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொன்னனீ?"

"கடிதத்தைப் பாத்த உடனே சந்தோசம் வந்திட்டுது அக்கா. உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சு."

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆரணி என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் பாதிதான் அவளுக்கு விளங்கியிருக்கும்.

"துஷியை அப்ப என்ன செய்யிறது?" என்று கடைசியில் அக்கா கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு இந்த வருத்தம் எண்டு சொல்லி டொக்டரைக் கேக்கட்டும். கமரா விடவேணும் எண்டால் விடட்டும். வெக்கப்படவேண்டாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. நீங்க சொன்னாத்தான் கேப்பாள்."

"ஓம். சொல்லுறன்." மூச்சு வாங்கினார். பிறகு, வேறு யாரோ பேசுவதுபோல் ஒரு சின்னக் குரல் வந்தது. "வசந்தி, அது வெக்கைக்குப் பழுதாப் போச்சோ? தேங்காய்ப்பூ வெளியில வைச்சாப் புளிக்கிற மாதிரி?"

சமைக்கிறவருக்கு எது எப்படிக் கெடும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"நீ பிரிட்ஜுக்குள்ள வைக்கச் சொன்னனீ. நான் அங்க சுவரில வைச்சனான். அம்மனுக்குப் பால் இருந்தது எண்டு..." முடிக்கவில்லை. "பிரிட்ஜுக்குள்ள வைச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமோ?"

அநேகமாகத் தெரிந்திருக்கும். அதுதான் உண்மையான விடை. இத்தனை வருட வேலையில் யார் கேட்டாலும் அந்த விடையைத்தான் சொல்லியிருப்பேன்.

"இல்லையக்கா. எங்க வைச்சிருந்தாலும் தெரிஞ்சிராது. உங்கட கையில ஒரு பிழையும் இல்லை. எல்லாப் பிழையும் என்ரதான்."

"உண்மையாவோ?"

"உண்மையா. இதுதானே என்ர வேலை."

அக்கா நீளமாக மூச்சு விட்டார். "அப்ப சரி," என்றார். "நான் பயந்துபோனன்."

இரண்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே குரல். கடிதம் வந்த அன்று கேட்டது.

8

திங்கட்கிழமை லாச்சியைத் திறந்து சம்பவ அறிக்கையை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது. விசாரணை நடக்கும், வேலை போகலாம். எனக்கு வந்த பெட்டியை மட்டும் நம்பி நான் இருக்க ஏலாது, நானும் அக்காவின் கூடப்பிறந்தவள்தான். இரண்டு வருடமாக என் பெயரில் ஒரு நல்ல முடிவு பதிவில் இருக்கிறது, என் உடம்பை இதுவரை யாரும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் டொக்டரிடம் போகிறேன், ஆரணி கூட வருகிறாள்.

துஷி வைத்தியசாலைக்குப் போய்த் திகதி எடுத்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும், தகரக் கூரையும் தெரியும். அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். கடல் கடந்து இருக்கிறவர்களிடம் மருந்தும் முடிவும் கேட்டுக் காத்திருக்கிற வீடுகள் நம் ஊரில் இன்னும் பல. நாங்கள் தூரத்திலிருந்து ஒண்டுமில்லை என்று சொன்னால் நம்பாதேயுங்கள். உங்கள் தெருவில் இருக்கிற டொக்டரிடம் போங்கள்.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். அக்கா இருக்கும்வரை இதை அச்சில் போடக்கூடாது. அயலில் வாசிக்கிற யாராவது அந்த உண்மையான விடையை அவருக்குச் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் சம்மதித்திருக்கிறார், வாக்குத் தவறாதவர் என்று கேள்வி. ஆகவே இதை வாசித்துவிட்டு உப்புவெளிப் பக்கம் போகிறவர்கள், இடியப்பம் கேட்டு அந்தப் படலையைத் தட்டவேண்டாம்.